மூன்று முறையும் இருந்தேன்

அடுத்த மாதம் பதினான்காம் தேதி என் அண்ணன் மேடையில் ஒரு மணி நேரம் கிட்டார் வாசித்துப் பாட வேண்டியிருந்தது. அவன் வரமாட்டேன் என்றான். ஏன் என்று வெளியாட்கள் கேட்டால் வரவில்லை, அவ்வளவுதான் என்பான். அரங்கக்காரர்கள் சுவரொட்டி அடித்து ஒட்டியும் விட்டிருந்தார்கள். குழுவின் டிரம்மர் வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்து, பதில் கிடைக்காமல் எழுந்து போவார். அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, அவன் ஏன் அந்தக் கிட்டாரைத் தொடுவதே இல்லை என்று கேட்டுச் சொல் என்றாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேராகக் கேட்பதில்லை. அம்மாவுக்கு அண்ணனிடமிருந்து ஏதாவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள். நான் மறந்துவிடுவேன். விஷயம் அதோடு முடிந்துவிடும். அப்பா செய்தி பார்ப்பார்.

குழு என்றால் இரண்டே பேர்தான். பெயர் ஈரத் தீப்பெட்டி. அண்ணன் எழுதுவான், பாடுவான், கிட்டார் வாசிப்பான், மிச்சமெல்லாம் டிரம்மர். பிழைப்புக்கு இருவருக்கும் ஒரே இடம்: ஊருக்கு வெளியே ஒரு குளிர்ப்பதனக் கிடங்கு. உறைந்த பட்டாணி, உறைந்த மீன், உறைந்த ரொட்டி. டிரம்மர் அங்கே ஷிப்ட் சூப்பர்வைசர். அண்ணனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஆறு வருஷத்தில் இவர்கள் பாட்டை மொத்தம் நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், தப்பிக்க வழியில்லாதவர்கள்.

எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் 'கதவு' என்று ஒரு பாட்டு எழுதினான். எங்கள் படுக்கையறையில், துணி அலமாரிக்கும் சாய்த்து வைத்த மெத்தைக்கும் நடுவே பதிவு செய்தார்கள். அந்த நேரத்தில் யாரும் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஆகவே அந்தப் பாட்டில் எனக்கும் பங்கு உண்டு.

*மூன்று முறை கூப்பிட்டாய்,*
*மூன்று முறையும் இருந்தேன்.*
*விளக்கை அணைத்துப் போனாய்,*
*நான் பெட்டிகளை எண்ணினேன்.*

மொத்தப் பாட்டும் இவ்வளவுதான். இதையே நான்கு நிமிடம் பாடுகிறான். கிட்டாரில் இரண்டே இரண்டு சுரம், மாறி மாறி. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வங்கியில் டோக்கன் நம்பர் சொல்கிற குரல். கேட்டு முடித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்லாருக்கு என்றேன். எங்கள் வீட்டில் பேச்சை முடித்துவைக்க அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துவோம்.

மூன்று வாரத்தில் அதை இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள். காரணம் இன்று வரை யாருக்கும் தெரியாது. இணையத்தில் ரசிகர்களுக்கென்று ஒரு பக்கம் முளைத்தது. அதில் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்: இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம்?

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படிப்பதைவிட, வகுப்புக்குள் சுற்றுகிற ஒரு கேலிப் பத்திரிகைக்கு எழுதுவதுதான் அதிகம். கேன்டீன் மின்விசிறிக்கு இரங்கல் செய்தி, அதுவும் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே. அந்த ரகம். அதே கை அரிப்பில் ரசிகர் பக்கத்துக்குள் 'பேராசிரியர்' என்ற பெயரில் நுழைந்தேன். பெட்டி என்பது நாம் வாழாமல் அடுக்கி வைத்த நாட்கள் என்று எழுதினேன். எண்ணுகிறவனும் ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறான் என்று ஒரு வரி சேர்த்தேன். 'இருந்தேன்' என்கிற ஒற்றைச் சொல்லில் இருத்தலின் மொத்தச் சிக்கலும் அடங்கிக் கிடப்பதாக நான்கு பத்தி. பேருந்தில் நின்றுகொண்டே எழுதியது. இரண்டு நிறுத்தத்தில் முடிந்துவிட்டது.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். மறுநாள் ஆயிரத்து எண்ணூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். ஒரு பெண், இதைப் படித்துவிட்டு இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அழுதேன், நன்றி ஐயா என்று எழுதியிருந்தார். அதன் பிறகு விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல வழியில்லை. மன்னிக்கவும், அழுததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றா எழுதுவது? மேலும் எழுதினேன்.

பழைய பாட்டுகளில் அண்ணனின் விரல்கள் கம்பிகள் மேல் எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி ஓடும். 'கதவு' பாட்டில் மட்டும் ஏன் இரண்டே சுரம் என்று பக்கத்தில் பெரிய சண்டை. அது துறவு என்று தீர்ப்பு சொன்னேன். வாசிக்கத் தெரிந்தவன் வாசிக்காமல் இருப்பதுதான் வாசிப்பின் உச்சம். அந்த வரியை ஒருவர் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு படம் போட்டார். அதை நான் தட்டச்சு செய்தபோது அண்ணன் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன டைப் பண்றே என்றான். அசைன்மென்ட் என்றேன்.

அந்த மாதங்களில் வேறு சிலவும் என் கண்முன்னே நடந்தன. பாட்டுக்கு இரண்டு வாரம் முன்பு அண்ணன் இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். பெட்டி விழுந்துவிட்டது என்றான். கட்டைப் பிரித்த பிறகு பட்டன் வைத்த சட்டை போடுவதை நிறுத்திவிட்டான். போனில் சிம் மாற்ற என்னிடம் நீட்டினான். ஒரு நாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் வெறும் கையால் இறக்கி வைத்தான். பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். நான் இவை எதற்கும் விளக்கம் எழுதவில்லை.

போன மாதம் ரசிகர்கள் நேரில் கூட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. குளியலறை ஓடுகள் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஒரு டியூஷன் சென்டர். எழுதுபலகை வைத்த நாற்காலிகள், சுவரில் தனிம அட்டவணை. பேராசிரியர் என்றால் வழுக்கைத் தலையோடு ஒருவர் வருவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். முதுகுப் பையோடு நான் நுழைந்ததும் எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு வருமான வரி ஆலோசகர் எழுந்து, வயதுக்கும் வேதனைக்கும் சம்பந்தமில்லை என்றார். கைதட்டினார்கள். எனக்கு அப்போது புள்ளியியலில் அரியர் இருந்தது. ஆகவே அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

வரி ஆலோசகர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் கருத்தை அச்சடித்து ஸ்டேப்ளர் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுப்பார். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அழுத அந்தப் பெண் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனிஸ்ட். முதல் வரிசையில் உட்கார்ந்து நான் தும்மினாலும் குறித்துக்கொள்வார். கடைசி வரிசையில் நம் டிரம்மர். குழுவின் பக்கத்தில் நனைந்த தீப்பெட்டிப் படம்தான் இருக்கும் என்பதால் அவர் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் கிடைக்காத பதில் இங்கே கிடைக்குமா என்று பார்க்கத்தான் முதலில் வந்தார். பிறகு பழகிவிட்டது. நம்ம பாட்டு இவ்வளவு ஆழமா இருக்கும்னு எனக்கே தெரியாது தம்பி என்று ஒரு நாள் படியிறங்கும்போது சொன்னார். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்ட கேள்வி, மூன்று முறை கூப்பிட்டது யார்? இன்று முடிவாகச் சொல்லிவிடுவேன் என்று பேராசிரியர் என்ற முறையில் பக்கத்தில் அறிவித்திருந்தேன். நாற்காலி போதாமல் ஐந்து பேர் நின்றார்கள். கூப்பிட்டது கடவுள் என்றார் வரி ஆலோசகர்; மூன்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் நடவடிக்கை எடுப்பார் என்றார். அம்மா என்றார் ரிசப்ஷனிஸ்ட். ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தான். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். கிடங்கில் போடுகிற தடித்த ஜாக்கெட் கைமேல் தொங்கியது. யாரோ எழுந்து இடம் கொடுக்க இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. நான் தனிம அட்டவணையைப் பார்த்தேன். கடைசி வரிசையில் டிரம்மர், முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டார்.

கால் மணி நேரம் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு வலது கையைத் தூக்கினான். புதிதாக வந்திருக்கும் தம்பி பேசட்டும் என்று வரி ஆலோசகர் பெரிய மனது பண்ணினார்.

"இது ஒரு குளிர் ரூம் பத்தின பாட்டுன்னு நினைக்கிறேன்" என்றான் அண்ணன்.

பலர் தலையாட்டினார்கள். குளிர், உணர்வற்ற நிலை என்று ரிசப்ஷனிஸ்ட் நோட்டில் எழுதினார்.

"இல்லைங்க. நெஜமாவே ரூம். மைனஸ் இருபது. உள்ள ஒருத்தன் பெட்டிமேல ஸ்டிக்கர் ஒட்டிட்டிருக்கான். கையுறையோட ஸ்டிக்கரை உரிக்க முடியாது. அதனால இடது கை உறையைக் கழட்டி வெளிய தள்ளுவண்டிமேல வச்சிட்டு வந்திருக்கான்."

டோக்கன் நம்பர் சொல்கிற அதே குரல். அந்த மாதிரி இடங்களில் கதவை மூடுவதற்கு ஒரு முறை உண்டு என்று விளக்கினான். மூடுகிறவர் வாசலில் நின்று உள்ளே யார் என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் மட்டும் விளக்கை அணைத்து மூடலாம்.

"கூப்பிட்டவன் ரூல்படிதான் கூப்பிட்டான். மூணு தடவை. உள்ள இருந்தவன் மூணு தடவையும் இருக்கேன்னு சொன்னான். கூப்பிட்டவன் காதுல ஹெட்போன் இருந்துச்சு."

யாரோ ஒருவர் நாற்காலி கிரீச்சிட்டது. உள்ளிருந்து திறக்கப் பிடி இருக்குமே என்றார் வரி ஆலோசகர். அவருக்கு விதிமுறைகள் தெரியும். இருந்தது, உறைந்து இறுகிப் போயிருந்தது, சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துப் பல மாதமாகியிருந்தது என்றான் அண்ணன். உள்ளே இருந்தவன் கதவைத் தட்டினான், வெறும் இடது கையாலும் தட்டினான். அப்புறம் தூங்கிவிடக் கூடாது என்று பெட்டிகளை எண்ணினான். நாற்பது நிமிடம் கழித்து, பெட்டிகளைத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் திறந்தார். இப்போதுதான் உள்ளே வந்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று ரிசப்ஷனிஸ்ட் கேட்டார்.

"உண்மையைச் சொன்னா கூப்பிட்டவனுக்கு வேலை போயிடும். இவனுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே அவன்தான்."

சபை மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. நல்ல கற்பனை, ஆனால் ரொம்ப மேலோட்டமான வாசிப்பு என்றார் அந்தக் கணவர். மனைவியும் அதை ஒப்புக்கொண்டார். வரி ஆலோசகர் தன் கைப்பிரதியைப் புரட்டி, அப்படியானால் அந்த இரண்டு சுரத்துக்கு என்ன சொல்கிறீர்கள், அது துறவு என்று பேராசிரியர் ஏற்கெனவே நிறுவிவிட்டாரே என்றார்.

அண்ணன் தன் இடது கையைப் பலகைமேல் வைத்துப் பார்த்தான். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போச்சு. கம்பிமேல இருக்கா இல்லையான்னே அவனுக்குத் தெரியாது. மிச்சம் ரெண்டு விரல்ல என்ன வருமோ அதான் வந்துச்சு."

வரி ஆலோசகர் ஓரத்தில் 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். பேராசிரியர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இத்தனை மாதமாக எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

"இப்பவும் மரத்துத்தான் இருக்கா?" என்றேன்.

"ம்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இல்ல."

முன்பின் தெரியாத ஆளைப் பேராசிரியர் 'நீ' என்கிறாரே என்று ரிசப்ஷனிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் குடும்ப வரலாற்றில் அவை இரண்டும்தான் முதல் நேரடிக் கேள்விகள் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

கடைசி வரிசையில் ஏதோ சரிந்த சத்தம். டிரம்மர் எழுந்தார், எழுதுபலகை வயிற்றில் மாட்டிக்கொள்ள, நாற்காலியோடு இரண்டடி நடந்து, அதைக் கழற்றிவிட்டு வெளியே போனார். அண்ணன் திரும்பிப் பார்த்தான். அவர் அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு அவன் முகம் மாறியது அந்த ஒரு தடவைதான்.

கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். இந்தத் தம்பியின் வாசிப்பைக் குறிப்பேட்டில் சேர்க்கலாமா என்று வரி ஆலோசகர் வாக்கெடுத்தாராம். வேண்டாம் என்று பதினெட்டுப் பேர். நாங்கள் அதற்குள் படியில் இருந்தோம்.

டிரம்மர் கீழே ஓடுகள் விற்கிற கடையின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்டார், பிறகு பையைத் தள்ளி வைத்தார். எந்த நாள் என்று அவரே சொன்னார். அண்ணன் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்த நாளுக்கு முந்தின நாளா என்றார். ஆமாம் என்றான் அண்ணன்.

"நான் நம்ம பழைய பாட்டைத்தான்டா கேட்டுட்டிருந்தேன். மிக்ஸ் சரியா இருக்கான்னு."

"தெரியும். கதவுல கண்ணாடி இருக்குல்ல. தலையாட்டிட்டே போன."

கடைக்குள் காட்சிக்கு வைத்த குளியல் தொட்டி ஒன்று இருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம்.

"இந்தக் 'கதவு' பாட்டுக்கு நான் டிரம்ஸ் வாசிச்சிருக்கேன்" என்றார் டிரம்மர்.

"நல்லா வாசிச்ச."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுநாளே நீயே எழுதிக் குடுத்திருப்ப."

"ஆமா. குடுத்திருப்பேன்."

"அதான்."

டிரம்மர் திங்கட்கிழமை காலை, தவறு தன்னுடையதுதான் என்று கிடங்கில் எழுதிக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம், கையெழுத்தோடு. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உறைந்து கிடந்த பிடியை அன்றே மாற்றிவிட்டார்களாம். அரை மணி நேர வேலை.

நரம்பு டாக்டர் அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் குத்திப் பார்த்தார். தெரியுதா, தெரியுதா என்று கேட்டுக்கொண்டே போனார். அண்ணன் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தான். சுண்டு விரலின் அடியில் ஓரிடத்தில் மட்டும், நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று தெரிகிறது, குத்துகிறீர்களா என்று தெரியவில்லை என்றான். முதல் மாதமே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கிட்டார் என்று நான் ஆரம்பித்தேன். முதலில் பட்டன் போடட்டும் என்றார்.

பேருந்தில் அண்ணனிடம், பேராசிரியர் நான்தான் என்று எப்போது தெரியும் என்று கேட்டேன். கேட்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"முதல் நாள்லேர்ந்து. வாயால படிச்சிக்கிட்டேதானே டைப் பண்ணுவ."

"அப்பவே நிறுத்தச் சொல்லியிருக்கலாமே."

ஜன்னல் வழியே ஒரு நிறுத்தம் போனது.

"நல்லாருந்துச்சுடா. துறவுன்னு வச்சிக்கிட்டா விரலைப் பத்தி யோசிக்க வேண்டியதில்ல."

வீட்டுக்குப் போய் பேராசிரியரின் கடைசிப் பதிவை எழுதினேன். மேடை ரத்து, கிட்டார் வாசிப்பவருக்கு விரல் சரியில்லை. ஒரு மணி நேரத்தில் நூற்றுப்பத்துப் பதில்கள். விரல் என்பது சுட்டுவது, ஆகவே மொழி என்றார் ஒருவர். பனியன்காரர் புதுப் பனியனுக்கு அளவு கேட்டார். முதல் நான்கு பேருக்கு, விரல் என்றால் விரல்தான் என்று பதில் போட்டேன். அதையும் பகிர ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரை மூடிவிட்டேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, அண்ணனின் சட்டைகளை எல்லாம் எடுத்து வந்து பட்டன் துளைகளைப் பெரிதாக்க உட்கார்ந்தாள்.

இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பிசியோதெரபி மேடம் கொடுத்த பயிற்சி. அண்ணன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு மேசைமேல் இடது கையை நீட்டுவான். மரத்த விரல்களுக்கு அடியில் நான் ஒவ்வொரு பொருளாக வைக்க வேண்டும். அவன் என்னவென்று சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். பாவம் பார்த்துச் சரி போட்டுவிடாதீர்கள், அப்புறம் நரம்பு எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். நான் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும்.

வேலை இல்லாததால் டிரம்மரும் வந்துவிடுகிறார். நேற்று சீப்பை வைத்தேன், பிரஷ் என்றான். உப்புத்தாளை வைத்தேன், துணி என்றான். பஞ்சை வைத்தேன், இன்னும் ஒண்ணும் வைக்கலையே என்றான். மூன்றுக்கும் தப்பு போட்டேன். அடுத்த பொருளை நான் தேடுவதற்குள், டிரம்மர் என்னிடம் சைகை காட்டிவிட்டுத் தன் கட்டை விரலை மெதுவாக அண்ணனின் மோதிர விரலுக்கு அடியில் வைத்தார்.

அண்ணன் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தினான்.

"அழிரப்பர்" என்றான்.

டிரம்மர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். தப்பு என்று எழுதிவிட்டு, பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன்.